எச்சில் தொட்ட இழை

பிப்ரவரி 6

படித்த நாத்தனாருக்கு,

உன் அண்ணன் நலம். இங்கே பின்னல் மெஷின்கள் பதினாறும் நலம். நான் கோபமாக இருக்கிறேன்.

போனில் பேசிவிடலாமே என்றார் உன் அண்ணன். போனில் நீ பாதியில் வைத்துவிடுவாய், போன வாரம் வைத்த மாதிரி. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. அதனால்தான் இழை சுற்றிவந்த காலிக் கோன்களை உன் ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பும் பெட்டியில் இதையும் வைக்கிறேன்.

அன்றைக்கு சூப்பர்வைசர் மேஜையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. "எச்சில் தொட்டுத் தொட்டு இழையைக் கெடுத்துட்டாங்க. எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கையெல்லாம் திருந்தாது" என்று நீ சொன்னதைப் பன்னிரண்டு பெண்கள் நின்று கேட்டார்கள். பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அறுந்தாலும் ஒட்டிக்கொண்டு மறுபடி விளக்கு மாதிரி எரிகிற இழையை என் நாத்தனார்தான் செய்கிறாள் என்று அவர்களிடம் பீற்றிக்கொண்டவள் நான்தானே.

நூல் அறுந்தால் நுனியை நாக்கில் தொட்டு, விரலில் உருட்டி, முடிச்சுப் போடுவோம். மூளைக்குத் தெரியாமலே கை செய்துவிடும். நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன ஸ்வெட்டர்கள் எல்லாம் இந்தக் கை பின்னியவைதான். அப்போது எச்சில் உறுத்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய சோதனைத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். 'கூரான கத்தரிக்கோலால் வெட்டவும். நுனியோடு நுனி வைக்கவும். காத்திருக்கவும். வெளிச்சம் வந்ததா?' என்று கேட்டிருக்கிறாய். நாற்பது வெட்டினோம், நாற்பதும் எரிந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் அண்ணன் வேலை செய்கிற சுரங்கத்துக்குள் யார் கத்தரிக்கோலோடு வந்து அவர் சட்டையை வெட்டப் போகிறார்கள்? அவருடைய பழைய வேலைச் சட்டை என் முன்னால் கிடக்கிறது. பதினாறு கிழிசல், வெட்டு ஒன்றுகூட இல்லை. அதனால் ஆணியில் மாட்டி இழுத்து இன்னொரு நாற்பது கிழித்தோம். ஒன்பதுதான் எரிந்தது. அதையும் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
திருந்தாத கைக்காரி


பிப்ரவரி 11

அண்ணி,

பெட்டி வந்தது. தாளும் வந்தது. அடியில் நீங்கள் எழுதியதை எங்கள் ஆய்வுக்கூட டைரக்டர் என்னைவிட முன்னால் பார்த்துவிட்டார். "இதெல்லாம் யாரு கேட்டா?" என்றார். புதுத் தாள் ஒன்று இத்துடன் இருக்கிறது. கத்தரிக்கோல் சோதனையை மட்டும் நிரப்பி அனுப்புங்கள்.

ஸ்பீக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. டைரக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கெட்டுப்போன இழைக்குக் காரணம் கேட்டார், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் எச்சில் படக்கூடாது என்பது உண்மைதான். இந்த இழை பருத்தி இல்லை, அண்ணி. நடுவில் மின்சாரம் ஓடும் மெல்லிய உலோக நரம்பு. அதன்மேல் வெளிச்சம் தரும் பூச்சு. அதற்கும் மேல் கண்ணாடி மாதிரி ஒரு கூழ்ப் படலம், அதிலும் மின்சாரம் ஓடும். மூன்றும் அதனதன் இடத்தில் சேர்ந்தால்தான் எரியும். இதில் யார் வாயில் என்ன இருந்ததோ அதெல்லாம் கலந்தால் நான் எதை அளப்பது?

மார்ச் இருபதாம் தேதி சுரங்கத் துறையிலிருந்து பார்வையிட வருகிறார்கள். நான்கு வருட வேலை அன்றைக்கு நிற்கும் அல்லது விழும். முதல் பத்துச் சட்டைகள் அண்ணனுடைய குழுவுக்குத்தான் போகவேண்டும் என்று கேட்டு வாங்கியதே நான். தலைவிளக்கு அணைந்து, தள்ளுவண்டிக்காரன் ஆளைப் பார்க்காமல் இடித்து, அண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு உடைந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்த இழையைச் சட்டையில் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. நானா அவருக்குக் கெடுதல் நினைப்பேன்?

தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.


பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

நீ கெடுதல் நினைப்பாய் என்று யார் சொன்னது? நல்லது நினைத்துக்கொண்டே தப்புச் செய்ய முடியாதா என்ன?

உன் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன், கேள். மாதிரிச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மார்புப் பையில் பாட்டரி, அங்கிருந்து ஒரே இழை தோளில் ஏறி முதுகெல்லாம் வளைந்து வளைந்து ஓடுகிறது. போட்ட மனிதர் கழற்றவில்லை. மின்சாரம் போனதும் பக்கத்து வீட்டுக்கு நடந்து போய், "மெழுகுவத்தி வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தார். சாப்பிடும்போது பூனை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீடே சிரித்தது.

அப்புறம் அவர் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "கிழிஞ்சா கிழியட்டுமே. தானா ஒட்டிக்கும்னு தங்கச்சி சொல்லியிருக்கா. நான் பாட்டுக்கு அசையாம நின்னா போதும், வெளிச்சம் வந்துடும்."

புரிகிறதா? தோள்பக்கம் கம்பி மாட்டிக் கிழிந்தால் முதுகு முழுக்க இருட்டு. பின்னால் தள்ளுவண்டி வரும். இவர் ஓரமாக ஒதுங்கமாட்டார், கத்தமாட்டார், உன்மேல் உள்ள நம்பிக்கையில் நடுத்தண்டவாளத்தில் நின்று காத்திருப்பார். வெறும் சட்டை போட்டிருந்தால்கூட ஜாக்கிரதையாக இருந்திருப்பார். நீ 'தானாகவே' என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் அவர் அங்கே நிற்பதுதான் எனக்குத் தெரிகிறது.

புதுத் தாளும் நிரப்பாமலே திரும்பி வருகிறது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, ஆர்டர் கைவிட்டுப் போனால் நீதான் பதில் சொல்லணும் என்றார். சொல்கிறேன் என்றேன்.

எரிந்த ஒன்பது துண்டுகளையும் ஒரு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதே.

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். ஒன்பதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிலும் நுனியோடு நுனி வைக்கப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முறுக்கியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் உப்பு தெரிகிறது. நான் கொடுத்த முறையில் யாரும் இப்படிச் செய்திருக்க முடியாது.

இந்த ஒன்பதும் யார் செய்தது? நாற்பதையும் ஒருவரே செய்தாரா, பலரா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. சத்தியமாக இல்லை. அண்ணனிடம் இப்போதைக்கு அந்தச் சட்டையை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.


பிப்ரவரி 28

நாத்தனாரே,

உட்கார்ந்துகொண்டு படி.

நாற்பதையும் நான்கு பேர் பிரித்துக்கொண்டோம், ஆளுக்குப் பத்து. எரிந்த ஒன்பதும் ஒரே ஆள் செய்தவை. பதினோராம் மெஷின்காரி. என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள், வாய் நீளம், கை அதைவிட வேகம். கேட்டதும் முதலில் அழுதாள். அப்புறம் சண்டைக்கு வந்தாள்.

"ஆமா, எச்சில்தான் தொட்டேன். கையுறையைக் கழட்டிட்டு நாக்குல வச்சு முறுக்கினேன். உன் நாத்தனார் வேண்டாம்னு எழுதியிருந்தா, நான் என்ன பண்ண? கை கேட்கல. சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"பத்துல ஒண்ணு ஏன்டி எரியல?" என்று கேட்டேன்.

"அப்ப சூப்பர்வைசர் வந்துட்டாரு. வாயில வைக்க முடியல."

இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை என்றார்கள். எரியாத மற்ற முப்பதும் நீ சொன்னபடி கையுறை போட்டு, ஊதி, துடைத்து, நுனியோடு நுனி வைத்து, பயபக்தியோடு செய்தவை. அதில் பத்து நான் செய்தவை. உன்மேல் இருந்த வீம்பில், உன் தாளில் உள்ளபடி அட்சரம் பிசகாமல் செய்து உன்னைத் தோற்கடிக்க நினைத்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை அன்றைக்கு ஒருநாள் அடக்கினேன், அன்றைக்குப் பார்த்து அந்தப் பழக்கம்தான் சரியாக இருந்திருக்கிறது.

திருந்தாத கையை என்ன செய்யப் போகிறாய், சொல்.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு வாரம் எழுத முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிழித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறைக்கும் ஆணியில் நாற்பது கிழித்தேன். உலர்ந்த கையால் ஒட்டியவற்றில் நான்கு எரிந்தன. வெறும் தண்ணீரில் நனைத்தவை பதினொன்று. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பத்து மூன்று. என் சொந்த எச்சிலில் முப்பத்தேழு. உதவிக்கு இருந்தவர் நான் இழையை வாயில் வைப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

காரணம் இதுதான். கத்தரிக்கோல் மூன்று படலத்தையும் ஒரே மட்டமாக வெட்டுகிறது. கிழிக்கும்போது கூழ் இழுபட்டுச் சுருண்டு பின்னால் போய்விடுகிறது, நடுநரம்பு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நனைத்தால் கூழ் ஊறி முன்னால் வருகிறது. முறுக்கினால் நரம்பும் நரம்பும் உரசிக்கொள்கின்றன. விரல் சூட்டில் மூன்று நிமிடம் பிடித்தால் எல்லாம் சேர்ந்துவிடுகிறது. நான்கு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கிழித்துப் பார்க்கவில்லை. வெட்டினால் அளக்கச் சுலபம், அதனால் வெட்டினேன்.

அண்ணி, அன்றைக்குப் போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடமும், பதினோராம் மெஷின் அக்காவிடமும், அங்கே நின்ற எல்லாரிடமும். இதை ஸ்பீக்கரில் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்கிறேன்.

டைரக்டரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். சந்தோஷப்பட்டார். அப்புறம், "இருபதாம் தேதி இதைப் பற்றி மூச்சு விடாதே" என்றார். அவர்கள் வாங்க வருவது தானாகவே ஒட்டுகிற இழையை. ஆள் ஒருத்தர் நாக்கில் தொட்டு முறுக்கவேண்டும் என்றால் அதில் 'தானாக' எங்கே இருக்கிறது என்று கேட்பார்களாம். அதனால் தட்டில் துணி விரித்து, பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் அவர் கொண்டுவரும் வெள்ளிக் கத்தரிக்கோலையே வைக்கப் போகிறார்.

எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அப்படிப் போகட்டும், ஆர்டர் வந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றுகிறது. என்னை நம்பி ஏழு பேர் இந்த அறையில் வேலை செய்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மார்ச் 12

நாத்தனாருக்கு,

மன்னிப்பை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பதினோராம் மெஷின்காரி இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். ஏற்றுக்கொண்டோம், அந்தக் கணக்கு தீர்ந்தது.

மற்றதற்கு என்னிடம் யோசனை கேட்காதே, கோபம்தான் வரும். மெதுவாகச் சொல்வாயா? எப்போது? முதல் சட்டை கிழிவதற்கு முன்னாலா, பின்னாலா? கிழிசல் உன் தேதியைப் பார்த்து வராது. அறையில் ஏழு பேர் என்கிறாய். சுரங்கத்தில் உன் அண்ணன் குழுவில் பத்துப் பேர், அதில் ஒருத்தர் என் வீட்டில் சாப்பிடுகிறவர்.

சூப்பர்வைசர் நேற்று என்னைப் பின்னல் பகுதியிலிருந்து எடுத்து மடிப்பு மேஜையில் போட்டுவிட்டார், தாளில் கையெழுத்துப் போடும்வரைக்கும். சட்டைகளை மடித்துக்கொண்டே சம்பளம் வாங்க எனக்குத் தெரியும். கை ஓயாது.

பார்வைக்கான சட்டை தயார், அனுப்புகிறேன். உன் அளவுக்குத்தான் பின்னியிருக்கிறேன், உன்னைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது. தாள் இந்தத் தடவையும் காலிதான். சட்டையின் மார்புப் பையில் ஒரு ஆணி இருக்கிறது, பார்த்துக் கையை விடு. நாற்பது கிழித்த ஆணி. என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உனக்குத் தெரியும்.

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவீர்கள். முந்நூறு சட்டைக்கு ஆர்டர். என்னை இழைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பதினொரு பேர் வந்திருந்தார்கள். திரைச்சீலைகளை இழுத்து அறையை இருட்டாக்கினார்கள். நான் நீங்கள் பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். டைரக்டர் 'தானாகவே' என்ற சொல்லை நான் எண்ணிய வரையில் ஒன்பது தடவை சொன்னார். பிறகு கத்தரிக்கோல் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினேன். காலையிலேயே மேஜை விளிம்பில் ஆணியை அடித்து வைத்திருந்தேன். முன்தோளை அதில் மாட்டி ஒரே இழுப்பு.

முதுகு அணைந்தது. யாரோ "அச்சச்சோ" என்றார்கள். டைரக்டர், "பரவாயில்லை, பக்கத்து அறையில இன்னொரு சட்டை இருக்கு" என்றார். "இதுவே போதும் சார்" என்று சொல்லிவிட்டு, பதினொரு பேர் முன்னாலும் இரண்டு நுனியையும் நாக்கில் தொட்டு, முறுக்கி, பிடித்துக்கொண்டேன்.

மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? நாற்பதில் எரியாத அந்த மூன்றில் இதுவும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் டைரக்டரைப் பார்க்கவே தோன்றவில்லை, பதினோராம் மெஷின் அக்காவைத்தான் நினைத்தேன்.

எரிந்தது. தோளிலிருந்து முதுகுக்கு வெளிச்சம் ஓடியதை என்னால் பார்க்க முடியவில்லை, எதிரே இருந்தவர்கள் முகத்தில்தான் பார்த்தேன்.

அவர்களில் ஒருவர் சுரங்க மேஸ்திரி, கழுத்தில் பழைய தழும்பு. அவர்தான் முதலில் பேசினார். "எங்க பசங்க கையில சேறு இருக்கும்மா. அப்பவும் எரியுமா?"

"துடைச்சா எரியும். துடைக்கலைன்னா எனக்குத் தெரியாது. இன்னும் செஞ்சு பார்க்கலை" என்றேன்.

"தெரியாதுன்னு சொல்றீங்களே, அது போதும்" என்றார். "தானா சரியாயிடும்னு சொல்லிக் கொடுத்த சாமான்களாலதான் எங்களுக்கு அடிபட்டதெல்லாம். இதை யாரு கண்டுபிடிச்சா?"

பதினோராம் மெஷின், என் அண்ணி வேலை செய்கிற பின்னல் ஆலை என்றேன். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன், அழிக்க முடியாத மையில். கிழிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைச் சட்டையிலேயே எழுதித் தரவேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். டைரக்டர் தலையாட்டினார்.

அவர்கள் போனபிறகு என்னை ரப்பர்ப் புழுப் பிரிவுக்கு மாற்றினார். பாறை இடுக்குகளில் ஊர்ந்துபோய்ப் பார்த்துவரும் மென்மையான இயந்திரம் அது, அதன் தோலிலும் நம் இழைதான். உள்ளே போனதும் கிழிந்து வருகிறதாம். அதற்கு நாக்கும் இல்லை, விரலும் இல்லை. தண்டனை என்று நினைத்து அனுப்பியிருக்கிறார். எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. புழுவுக்கு எச்சில் வைக்காமல் விடமாட்டேன்.

புதுத் தாள் இத்துடன். 'கிழித்தது' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 10

என் நாத்தனாருக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினோராம் மெஷின்காரியும் பக்கத்தில் போட்டிருக்கிறாள். கட்டத்துக்குள் அடங்கவில்லை, பெரிதாகப் போட்டுவிட்டாள். மடிப்பு மேஜையிலிருந்து என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், முந்நூறு சட்டையை வேறு யார் முடிப்பது?

இனி உன் டைரக்டரின் காரியத்தைக் கேள். போன வாரம் சட்டைக்கான விவரத்தாள் வந்தது. 'லேபிள் தேவையில்லை. பயன்படுத்தும் முறை தனித்தாளாக வழங்கப்படும்' என்று போட்டிருந்தது. தனித்தாள் எங்கே போகும் என்று உன் அண்ணனைக் கேட்டேன். "ஆபீஸ் பீரோவுக்கு. பழைய தாளெல்லாம் அங்கதான் பத்திரமா இருக்கு, ஒருத்தனும் தொட்டதில்ல" என்றார்.

விவரத்தாளை நானும் அவளும் நான்கு தடவை படித்தோம். மார்புப் பையிலிருந்து தோள்வரை இரண்டு மீட்டர் இழை ஓடவேண்டும் என்று இருக்கிறது. எப்படி ஓடவேண்டும் என்று இல்லை. நேராக என்று இல்லை, வளைவாக என்று இல்லை.

ஓட்டிவிட்டோம். பாட்டரியிலிருந்து புறப்பட்ட இழை தோளுக்குப் போவதற்கு முன்னால், கையெழுத்து மாதிரி விடாமல் ஓடி, இப்படி எழுதிக்கொண்டு போகிறது: 'கிழிந்தால் நிற்காதே. ஒதுங்கு. எச்சில் தொடு. முறுக்கு. பிடி.' முந்நூறிலும் அப்படித்தான். பாட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதால், முதுகு இருண்டாலும் எழுத்து எரியும். உன் அண்ணன் முதல் சட்டையைப் போட்டுக் குனிந்து வாய்விட்டுப் படித்தார். "என்னடி இது, சட்டைகூட உன்னை மாதிரியே அதட்டுது" என்றார். போட்டுக்கொண்டுதான் இன்று வேலைக்குப் போயிருக்கிறார். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நான் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன்.

எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கிறதே, தவறா என்று உன் டைரக்டர் கேட்பார். எதிரே நிற்கிறவர் படிப்பதற்காக அதைப் பின்னவில்லை, போட்டிருக்கிறவன் குனிந்து படிப்பதற்காகப் பின்னினோம் என்று சொல்.

எடுத்துவிடு என்று சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. எல்லாம் ஒரே இழை. எழுத்தை வெட்டி எடுத்தால் சட்டை முழுக்க அணைந்துபோகும், மிச்ச நுனிகள் ஒன்றையொன்று எட்டாது. அந்த வெள்ளிக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும், தானாக ஒன்றும் நடக்காது. இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, முறுக்கினால்தான் உண்டு. அதற்கு முதலில் அவர் வாயைத் திறந்து நாக்கை நீட்ட வேண்டும்.

அண்ணி